ரெக்சின் பை

காரை வாங்க வந்த தம்பி டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்ததும், உள்ளே அடைந்து கிடந்த வாசனை வெளியே வந்தது. திருநள்ளாற்று விபூதிப் பொட்டலம், உடைந்த கற்பூரம், வெயிலில் காய்ந்து காய்ந்து பிசுபிசுத்த ரெக்சின். வெளியே தெருவெல்லாம் மாம்பழ மணம். மாங்கனித் திருவிழாவுக்குக் கூடை கூடையாகப் பழம் வந்து இறங்கிக்கொண்டிருந்த வாரம் அது.

"ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் இதுலதான் இருக்கா சார்?" என்று பழுப்புநிறப் பையை எடுத்தான். அது அப்பாவின் பை. ஜிப் போய்விட்டதால் அப்பா போட்ட ரப்பர் பேண்டு இற்றுப்போய் ரெக்சினோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

தம்பிக்கு நாகூர். என்னுடைய பழைய ஆல்ட்டோவைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. விலையும் படிந்துவிட்டது. தாள்களைப் புரட்டியவன், "இன்சூரன்ஸ் இன்னும் பதினோரு நாள் இருக்கு. போதும் சார். எடுத்துட்டுப் போயி அங்க பாத்துக்கறேன்" என்றான். நான் சாவியைக் கொடுக்கக் கை நீட்டியிருந்தேன். அப்படியே மடக்கிக்கொண்டேன். என் வாயிலிருந்து வந்தது அப்பாவின் பேச்சு. "இல்ல தம்பி. அதை முடிச்சுட்டுத்தான் வண்டியை எடுக்கணும்."

அப்பாவுக்குக் காரைக்கால் பாரதியார் சாலையில் மளிகைக் கடை. எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த கார் ஒரு பிரீமியர் பத்மினி. ஃபியட் என்றுதான் சொல்வோம். எதிர்வீட்டுச் சொல்தா தாத்தாவிடமிருந்து வாங்கியது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்சன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அந்தச் சொல் விளங்காது. தாத்தா வண்டியை விற்றபோது சாவிக்கு முன்னால் அப்பாவின் கையில் கொடுத்தது இன்சூரன்ஸ் தாளை. "இது இல்லாம தெருவுல இறக்காதப்பா" என்றாராம். அந்தத் தாளை வைக்கத்தான் அப்பா நேரு மார்க்கெட் பக்கம் போய் இந்த ரெக்சின் பையை வாங்கினார்.

புதுப்பிக்கும் நாள் எப்போதும் ஆனியில்தான் வரும். அதனால் எங்கள் வீட்டில் இன்சூரன்சுக்கும் மாம்பழத்துக்கும் ஒரே பருவம். பழுப்பு உறையில் நினைவூட்டுக் கடிதம் தபாலில் வரும். அன்றைக்கே தினசரி நாள்காட்டியில் அந்தத் தேதித் தாளின் முனையை அப்பா மடித்து வைப்பார். கடையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிப்போவார். 1973இல் பொதுக் காப்பீடு முழுவதும் அரசுடைமையாகி நான்கு கம்பெனிகள் மட்டும் இருந்த காலத்தின் அலுவலகம் அது: பச்சைத் துணி விரித்த மேசை, பீரோ மேல் பீரோவாகக் கோப்புகள், கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதும் கவர் நோட்டு. அப்பா பணமாகத்தான் கட்டுவார். செக் எழுத மாட்டார். பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி பொறுப்பேற்கக் கூடாது என்று 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவே உண்டு, 64வி.பி. என்று. அதன் எண் அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் விஷயம் தெரியும். செக் திரும்பினால் தாளும் செல்லாமல் போகும் என்று பயந்தார்.

கவர் நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் மணியும் போட்டிருக்கும். அதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் படிப்பார். திரும்பும் வழியில் கோயில் பக்கம் பழம் வாங்குவோம். காரைக்கால் அம்மையார் புனிதவதியாருக்குக் கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தின் கதையை, ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சொல்வதுபோல அப்பா சொல்லிக்கொண்டு வருவார். மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் ஊர்வலத்தன்று மாடிகளிலிருந்து பழம் இறைப்பார்கள், தெருவில் பிள்ளைகள் கண்மண் தெரியாமல் ஓடும் என்பதால் அன்றைக்கு ஃபியட் வெளியே வராது. பாலிசி இருந்தாலும் வராது.

அப்பா கட்டியது தேர்ட் பார்ட்டி மட்டும்தான். ஃபுல் இன்சூரன்ஸ் போட அப்போது வசதி இல்லை. எனக்குக் குழப்பமாக இருக்கும். "நம்ம கார் இடிச்சா நமக்குக் காசு வருமாப்பா?" என்று கேட்டேன். வராது என்றார். "அப்புறம் எதுக்குக் கட்டறோம்?"

"இது நமக்குக் கட்டறது இல்லடா. நாளைக்கு நம்ம வண்டி முன்னால வந்து மாட்டப்போற யாருக்கோ கட்டறது. அவங்க யாருன்னு நமக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது."

அப்போது எனக்கு அது புரியவில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்காக மளிகைக் கடைக்காரர் ஒருவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய்ப் பணம் கட்டுவதா?

சொல்தா தாத்தாவின் மகன் பாரிசுக்குப் பக்கத்தில் இருந்தார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவார். அவர் காட்டிய படங்களில் எல்லாம் காரின் முன்கண்ணாடி மூலையில் சின்னதாக ஒரு பச்சைக் காகிதம் இருக்கும். இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது, தெருவில் போகிற யாரும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். "அங்க வண்டி ஓடாம வீட்டுல நின்னாலும் கட்டியாகணும் மாமா" என்று அவர் சொன்னது அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போனது 1954 நவம்பர் 1. அவர்கள் நாட்டில் வண்டிக் காப்பீடு கட்டாயமானது 1958 பிப்ரவரிச் சட்டத்தால். வாஞ்சூர் எல்லைக்கு அந்தப்பக்கம், ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில், 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் 1946 ஜூலை முதலே அதைக் கட்டாயமாக்கியிருந்தது. பிரான்சில் இப்போது அந்தப் பச்சைக் காகிதமும் இல்லை. 2024 ஏப்ரல் முதல் எடுத்துவிட்டார்கள்; வண்டி எண்ணைத் தட்டினால் போலீசுக்குத் தெரிந்துவிடுகிறதாம். எனக்கென்னவோ அந்தக் காகிதம் போனதில் வருத்தம்தான். எதிரே நடந்து வருகிறவருக்கும் தெரியும்படி ஒரு உறுதியை ஒட்டி வைப்பது நல்ல வழக்கம்.

எங்கள் ஊர் சின்னது. நாலு பக்கமும் தமிழ்நாடும் கடலும். வடக்கே போனால் பூவம், தெற்கே வாஞ்சூர், மேற்கே அம்பகரத்தூர். எந்தத் திசையில் கிளம்பினாலும் அரைமணியில் வேறு மாநிலம். எல்லையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறும், வரி மாறும், போலீஸ்காரர் தலையிலிருக்கும் சிவப்புத் தொப்பி மாறும். மாறாதது இன்சூரன்ஸ் ஒன்றுதான். பி.ஒய். 02 என்று எண் போட்ட வண்டியின் பாலிசி நாகப்பட்டினத்திலும் செல்லும், கன்னியாகுமரியிலும் செல்லும்.

மண்டிக்காரச் சித்தப்பா எங்களுக்கு உறவில்லை. அப்பாவின் கூட்டாளி. நெல் மண்டி வைத்திருந்தார். அவரிடமும் கார் இருந்தது. ஒரு விடியற்காலை, கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன்கூடையோடு ஊருக்குள் நடந்து வந்துகொண்டிருந்த ஒரு அம்மாவை அந்தக் கார் இடித்துவிட்டது. சித்தப்பா ஓடிப்போகவில்லை. அவரே தூக்கிப் பின்சீட்டில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சட்டையெல்லாம் ரத்தமும் மீன்செதிலுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த அம்மாவுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது.

அவருடைய இன்சூரன்ஸ் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அறுவடை நேரம். மண்டியில் மூட்டை வந்து குவிந்த வாரம். நினைவூட்டுக் கடிதம் பில்களோடு பில்லாகக் கிடந்திருக்கிறது. அன்றைக்கே யாரோ ஒருவர் வந்து, முன்தேதி போட்டு வாங்கிவிடலாம், தெரிந்த ஆள் இருக்கிறார் என்று காதைக் கடித்தார். சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். "அதுல மணி போட்டிருக்கும்யா. அதை மாத்த முடியாது. மாத்தவும் கூடாது" என்றார் அப்பா. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் 146ஆம் பிரிவு, மூன்றாம் நபருக்கான காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டக்கூடாது என்கிறது. ஓட்டினால் 196ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சித்தப்பா ஆயிரம் ரூபாய் கட்டினார். ஒரே நாளில் முடிந்துவிட்டது. கோர்ட்டிலிருந்து திரும்பும்போது, "இவ்வளவுதானா?" என்று அவரே கேட்டாராம். இவ்வளவு இல்லை. விபத்து இழப்பீட்டு வழக்கு அதன் பிறகுதான் தொடங்கியது.

பாலிசி இருந்திருந்தால் அந்த அம்மாவின் வக்கீல் கம்பெனியைச் சேர்த்து வழக்குப் போட்டிருப்பார். உயிருக்கும் உடலுக்கும் நேர்ந்த சேதத்துக்குத் தேர்ட் பார்ட்டி பாலிசியில் உச்ச வரம்பு கிடையாது. தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கட்டியாக வேண்டும். இங்கே எதிர்மனுதாரர் இடத்தில் ஒரே ஒரு பெயர். சித்தப்பா. தவறு யாருடையது என்று பார்க்காமல் உடனே கொடுக்க வேண்டிய தொகை என்று ஒன்று அப்போது சட்டத்தில் இருந்தது, நிரந்தர ஊனத்துக்கு 25,000 ரூபாய். அதையே சித்தப்பா மூன்று கையில் கடன் வாங்கித்தான் கட்டினார். மீதிக்கு வாய்தா மேல் வாய்தா. தீர்ப்பு வந்து, அதை நிறைவேற்றித் தரச் சொல்லி மறுபடி ஒரு மனு. கடைசியில் நெடுங்காட்டு நிலத்தை விற்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நெல் விற்கிறவரிடம் ஒரு காலின் விலையை மொத்தமாக எடுத்துக் கொடுக்கப் பணம் இருக்காது. அந்த அம்மாவின் கைக்கு முழுப் பணம் போய்ச் சேர ஆறு ஆண்டு ஆயிற்று. அதற்குள் அவருடைய மூத்த பெண் பள்ளியை விட்டுவிட்டுக் கூடையைத் தலையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். கல்லூரியில் படிக்கும்போது டி.வி.எஸ். ஃபிஃப்டியில் நாகூருக்குப் போய்க்கொண்டிருந்தவனை வாஞ்சூருக்கு அப்பால் நிறுத்தினார்கள். அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்து மாதக்கணக்காகியிருந்தது. நான்தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிய வண்டி. அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, "கொஞ்சத்துல முடிஞ்சுட்டுதுப்பா" என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலை கடை திறக்காமல் என்னை மீன் மார்க்கெட்டுக்கு அழைத்துப்போனார். ஓரமாக ஒரு பலகையில் அந்த அம்மா உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊன்றுகட்டை. அவர் பெண் மீன் அரிந்துகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. அப்பா விலை பேசாமல் கெளுத்தி வாங்கினார். "எப்படி இருக்கே ஆத்தா?" என்று கேட்டார். "இருக்கேன் மொதலாளி. உக்காந்து விக்கப் பழகிட்டேன்" என்றார் அந்த அம்மா. என்னைப் பார்த்து, "மவனா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி வழியில் அப்பா நின்றார்.

"அந்த லெட்டரை நான் பாத்தேன்டா" என்றார்.

எந்த லெட்டர் என்று எனக்குப் புரியவில்லை.

"இடிக்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னால மண்டிக்குப் போயிருந்தேன். அவன் மேசையில அந்தப் பழுப்புக் கவர் பிரிக்காம கெடந்துச்சு. நமக்கு வர்ற அதே கவர். பாத்ததும் தெரிஞ்சுது. சொல்லலாம்னு நெனைச்சேன். அடுத்தவன் காசு விஷயம், நாம எதுக்குன்னு வந்துட்டேன்."

அதற்குப் பிறகு எனக்கு அப்பா வேறு ஆளாகத் தெரிந்தார். கல்யாண வீட்டுப் பந்தியில், துக்க வீட்டுத் திண்ணையில், யாராவது வண்டியில் வந்து இறங்கினால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்சூரன்ஸ் கட்டியாச்சா?" என்றுதான் இருக்கும். என் அக்காவைப் பெண் பார்க்க வந்த வீட்டாரின் வேன் டிரைவரிடமும் கேட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சிலர் இது என்ன பழக்கம் என்று முகம் சுளித்தார்கள். அவர் விடவில்லை. மண்டிக்காரச் சித்தப்பாவிடம் மட்டும் அதைக் கேட்கவே மாட்டார். சித்தப்பாவும் அதன் பிறகு கார் வாங்கவில்லை.

கடைசிக் காலத்தில் அப்பாவுக்குக் கண் மங்கி, ஃபியட்டைக் கல் வைத்துத் தூக்கி நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டோம். அப்போதும் இன்சூரன்ஸ் கட்டச் சொன்னார். ஓடாத வண்டிக்கு எதற்கப்பா என்றால், "பசங்க இருக்கற வீடு. ஒருநாள் எவனாவது கல்லை எடுத்துட்டு எறக்கிட்டான்னா?" என்பார். நம் சட்டம் அதைக் கேட்பதில்லை. பொது இடத்துக்கு வராத வண்டிக்குக் கட்டாயம் இல்லை. ஆனாலும் கட்டினேன்.

சட்டமும் மெதுவாக அப்பாவின் பக்கம் நகர்ந்து வந்திருக்கிறது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் சாலை விபத்துகளைப் பற்றி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். உடைந்த கை கால்களைத் தினமும் பார்க்கிறவர். அந்த வழக்கில்தான் 2018 ஜூலையில் உத்தரவு வந்து, செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்கும் இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கும் சேர்த்தே மூன்றாம் நபர் காப்பீடு எடுக்க வேண்டும் என்றானது. முதல் ஆண்டு கட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுகிற வண்டிகள் அவ்வளவு இருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு வழக்கில், விபத்து செய்த வண்டிக்குக் காப்பீடு இல்லாவிட்டால் அதை எளிதில் விடுவிக்காமல், விற்று அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டும்படி விதி செய்யுமாறு எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால், அந்தப் பெண் இன்னும் ஓராண்டாவது பள்ளிக்குப் போயிருப்பாளோ என்று நினைத்துக்கொள்வேன்.

2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் முதல் தடவைக்கு 2,000, மறுதடவைக்கு 4,000. சிறை அதே மூன்று மாதம் வரை. ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2022 ஜூன் முதல் ஓராண்டுத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2,094 ரூபாய், வரி தனி. அபராதமும் பிரீமியமும் ஏறக்குறைய ஒன்றுதான். பிடிபட்டால் கட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கணக்கில் மீன்கூடைக்கு இடமே இல்லை.

நாகூர்த் தம்பி பொறுமையாகத்தான் கேட்டான். வண்டி கைமாறினால் இருக்கிற பாலிசியும் உன் பேருக்கு மாறியதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், ஆனாலும் பதினாலு நாளுக்குள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும் என்றேன். ஆர்சியில் என் பெயர் இருக்கிற வரையில், நீ ஓட்டி யாருக்காவது அடிபட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லியிருக்கிறது என்றேன். "நம்ப மாட்டேங்கறீங்களா சார்?" என்றான். அவன் முகம் வாடியது எனக்கு என்னவோ போலிருந்தது.

அவனை உட்காரவைத்து, மாம்பழம் அரிந்து கொடுத்து, மண்டிக்காரச் சித்தப்பாவின் கதையைச் சொன்னேன். கடிதத்தைப் பார்த்தும் பேசாமல் வந்த அப்பாவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தான். பிறகு செல்போனை எடுத்து, அங்கேயே உட்கார்ந்தபடி ஓராண்டுக்குப் புதுப்பித்தான். கால்மணிகூட ஆகவில்லை. வெள்ளை வேட்டி தேவைப்படவில்லை. திரையில் வந்த தாளில் தேதியும் மணியும் இருந்தன. நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் படித்தேன்.

29, 30ஆம் படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். காரைக்கால் போக்குவரத்து அலுவலகத்தில் என்.ஓ.சி. வாங்கினால்தான் நாகப்பட்டினத்தின் டி.என். 51க்கு மாற்ற முடியும். அதற்கு இரண்டு முறை அலைந்தோம், அவனும் நானும் சேர்ந்தே. மூன்றாம் முறை அவன் வந்தபோது திருவிழா முடிந்து, தெருவோரங்களில் மாங்கொட்டைகள் காய்ந்து கிடந்தன. எல்லாத் தாளும் சரியாக இருந்தது. அவன் பெயரில் பாலிசியும் மாறியிருந்தது.

கிளம்பும்போது கேட்டான், "சார், இந்தப் பை உங்களுக்கு வேணுமா? பேப்பர் வைக்க நல்லாருக்கு."

பையைப் பிரித்து, அடியில் மடித்துக் கிடந்த ஃபியட்டின் கடைசி பாலிசியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மடிப்பில் கிழியப் பார்த்தது. மேலே அப்பாவின் பெயர். விபூதிப் பொட்டலம் பையிலேயே இருக்கட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும் சார், உங்க அப்பா வச்சது" என்றான்.

அவன் பையை டாஷ்போர்டுக்குள் வைக்கப் போனான். நான் அதிலிருந்து பழைய ரப்பர் பேண்டை எடுத்துத் தூக்கிப் போட்டுவிட்டு, வீட்டுக்குள் போய்ப் புதிதாக ஒன்று கொண்டுவந்து கொடுத்தேன்.